ராகியின் பிறந்த வீட்டுக்கு ஒரு பயணத் திட்டம்

“எத்தியோப்பியாவுக்கா? அங்க பஞ்சமாச்சே சார்!”

தருமபுரி நாலு ரோட்டு டீக்கடையில் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு முதலில் வந்த பதில் இதுதான். சொன்னவர் மேல் தப்பில்லை. 1984, 85இல் அந்த நாட்டில் வந்த பஞ்சத்தின் படங்களைப் பார்த்த தலைமுறை நாங்கள். நாற்பது வருடம் ஆகியும் பெயரைக் கேட்டால் எலும்பும் தோலுமான குழந்தைதான் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் இருந்தவர், “பேசாம துபாய் போய்ட்டு வாங்க, மூணு நாள்ல முடிஞ்சிரும்” என்றார். டீக்கடைக்காரர் மட்டும், “அங்க இன்னா சார் இருக்குது?” என்று நியாயமாகக் கேட்டார்.

“நம்ம கேவுரு அங்க இருந்துதாம்பா வந்துச்சு” என்றேன். நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டினேன். பென்னாகரம், பாலக்கோடு, கடைசியில் தளி. சேர்ந்த புதிதில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கிடையாது, 2004இல்தான் பிரித்தார்கள். இந்தப் பக்கத்து மானாவாரிக் காட்டை ஒரு தரம் மனதில் கொண்டு வாருங்கள். முழுக்கக் கேழ்வரகு. நடுநடுவே சாலு பிடித்து அவரையும் துவரையும். ஓரத்தில் ஆமணக்கு. தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பக்கம் போனால் மஞ்சளாகப் பேயெள்ளு பூத்திருக்கும். கன்னடம் கலந்து பேசுகிற ஊர்களில் அதையே உச்செள்ளு என்பார்கள். இதில் துவரை ஒன்றுதான் இந்த மண்ணிலேயே பிறந்தது. மற்ற எல்லாம் எப்போதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. கேழ்வரகு பிறந்தது எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டுநிலத்தில் என்பதைத்தான் ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். பேயெள்ளின் அறிவியல் பெயரிலோ ‘அபிசினிகா’ என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. அபிசினியா என்பது எத்தியோப்பியாவின் பழைய பெயர்.

கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினோம். வாவிலோவ் என்று ஒரு ரஷ்ய விஞ்ஞானி, 1927இல் அபிசினியாவில் கோவேறு கழுதைகளோடு அலைந்து விதை சேகரித்தார், பயிர்கள் பிறந்த இடங்களில் ஒன்று அது என்று சொன்னார் என்று. ஐந்து மார்க் கேள்வி. மார்க் வாங்கியதும் மறந்தாயிற்று.

மறக்காதது வேறு ஒன்று. ஹைஸ்கூலில் எங்களுக்குக் கணக்கு எடுத்த வாத்தியார் எத்தியோப்பியாவில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் ஹைலே செலாசி பேரரசர் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களை வரவழைத்தார். கேரளத்துக்காரர்கள் நிறைய, நம் ஆட்களும் உண்டு. 1974இல் பேரரசரைப் பட்டாளம் இறக்கியது. அடுத்த வருடமே வாத்தியார் ஊர் திரும்பிவிட்டார். அவர் வீட்டு ஷோகேஸில் கரி மாதிரி கறுப்பாக ஒரு மண் கூஜா இருக்கும். உருண்டை வயிறு, நீண்ட கழுத்து, கோழி மூக்கு மாதிரி ஒரு மூக்கு. டியூஷனுக்குப் போகிற பையன்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். “அது ஜெபனாடா. காபி போடறது. கீழ போட்டா உங்கப்பன் சொத்தை வித்தாலும் வாங்க முடியாது” என்பார். ஒருநாள் அவர் வீட்டம்மா எங்களுக்குக் களி போட்டபோது, “இதே கேவுரு அங்கயும் இருக்குதுடா. டகுசான்னுவாங்க. களி கிண்டத் தெரியாது அவங்களுக்கு, சாராயம் காய்ச்சிருவாங்க” என்று சிரித்தார்.

பென்ஷன் வந்த பிறகு நான் போட்ட முதல் பெரிய திட்டத்துக்கு விதை அந்தக் களித்தட்டுதான்.

கூட வருவது நாலு பேர். என் வீட்டுக்காரி. ரிட்டயர் ஆன போஸ்ட் மாஸ்டர் ஒருவர், அவர் வீட்டம்மா (முப்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸ்). பிறகு பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன். போஸ்ட் மாஸ்டருக்குக் கேழ்வரகைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை, அவருக்கு நடுகல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒரு குடம், ஒரு தேங்காய் நார் பிரஷ், கல்லில் இருப்பதைத் தாளில் ஒற்றி எடுக்கிற மைப்படிக்குத் தாள், இங்க் என்று கிளம்பிவிடுவார். அரூர் பக்கம் ஒரு ஊரில் துணி துவைக்கிற கல்லைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அடியில் வில்லேந்திய வீரன். துவைத்துக்கொண்டிருந்த அம்மா, “எங்க மாமியாரும் இதுலதான் தொவைச்சாங்க” என்று சண்டைக்கு வந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளுக்கு, அதாவது பெருங்கற்காலக் கல்லறைகளுக்கு, என்னை முதன்முதலில் கூட்டிப்போனது அவர்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்.

முதலில் சென்னையில் ஒரு ஏஜெண்டிடம் கேட்டோம். இரண்டு நாள் கழித்து அழகான பிடிஎஃப் வந்தது. திறந்தால் யானை, சிங்கம், மசாய் மாரா. “சார், எத்தியோப்பியா மூவ் ஆகாது. கென்யா சூப்பரா இருக்கும், ஜெயின் ஃபுட் கூட அரேஞ்ச் பண்றோம்” என்றார் அந்தப் பையன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மருமகன் சொன்னான்: “மாமா, நாமளே டிக்கெட் போட்டுக்கலாம், கைடு எதுக்கு? நான் வியட்நாம் தனியாத்தான சுத்துனேன்.” அவன் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் வயது முப்பது. நான் யோசித்தது வேறு விதம். எந்தச் சாலை இந்த வாரம் திறந்திருக்கிறது என்பது கூகுள் மேப்புக்குத் தெரியாது. அந்த ஊர் டிரைவருக்குத் தெரியும். நாட்டில் எண்பதுக்கு மேல் மொழிகள். அம்ஹாரிக் எழுத்து நமக்கு ஒரு சுழி கூடப் புரியாது. கிராமங்களுக்குள் நடக்க உள்ளூர் ஆள் கூட வந்தால்தான் மரியாதை. ஆக அடிஸ் அபாபாவில் உள்ள நிறுவனங்களுக்கே நேரடியாக எழுதினோம். ஐந்து பேர், பதினைந்து நாள், ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு கைடு.

மூன்று பேர் பதில் போட்டார்கள். மூன்றும் ஒரே அச்சு. அவர்கள் எல்லாரும் விற்பது வடக்குச் சுற்று: பஹிர் தார், கோண்டார், லாலிபெலா, அக்சும். சரித்திரம் என்றால் வடக்குதான் என்பது அங்கே ஒரு முடிந்த விஷயம்.

அதில் பொய் இல்லை. லாலிபெலாவில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய 11 தேவாலயங்கள் இருக்கின்றன. நம் கழுகுமலை வெட்டுவான் கோயில் மாதிரி வேலை, ஆனால் ஒன்று பாதியில் நிற்காமல் பதினொன்றும் முடிந்து, சுமார் 800 வருடம் கழித்தும் பூசை நடக்கிற கோயில்கள். கியோர்கிஸ் கோயிலுக்குப் பக்கத்தில் நின்றால் தரைமட்டத்தில் ஒரு பெரிய சிலுவைதான் தெரியுமாம். எட்டிப் பார்த்தால்தான் அது கூரை, கட்டடம் 12 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்பது புரியும். கோண்டாரில் 1636இல் ஃபாசிலதஸ் அரசன் உண்டாக்கிய தலைநகரின் கோட்டைகள். அக்சும் ஊரில் ஒற்றைக்கல் தூண்கள்.

அந்த அக்சும் தூண் ஒன்றின் கதையைப் போஸ்ட் மாஸ்டரிடம் சொன்னது என் தவறு. 24 மீட்டர் உயரம், சுமார் 160 டன். கீழே விழுந்து உடைந்து கிடந்ததை 1937இல் முசோலினி ஆட்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய் ரோமில் நட்டுவைத்தார்கள். திருப்பித் தருகிறோம் என்று இத்தாலி 1947இலேயே கையெழுத்துப் போட்டது. தந்தது 2005இல், மூன்று துண்டாக, ராட்சத சரக்கு விமானத்தில். 2008இல் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். இதைக் கேட்டதிலிருந்து மனிதர் அக்சும் அக்சும் என்று ஒரே ஜபம். “ஆபீசர், ஒரு கல்லுக்காக அறுபது வருஷம் கேட்டிருக்கான் பாருங்க. அந்த ஊர் மண்ணை மிதிக்காம வரக்கூடாது.”

ஆனால் அக்சும் இருப்பது டிக்ரே மாநிலத்தில். அங்கே 2020 நவம்பரில் ஆரம்பித்த போர் 2022 நவம்பர் உடன்படிக்கையோடு ஓய்ந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் பக்கத்து அம்ஹாரா மாநிலத்தில் வேறு சண்டை கிளம்பியது. பஹிர் தார், கோண்டார், லாலிபெலா மூன்றுமே அம்ஹாராவில்தான். டூர் நடத்துகிறவர்கள், “விமானத்தில் போனால் பிரச்சினை இல்லை” என்று எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் பாலிசியின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தது நர்ஸம்மா: போர் நடக்கிற பகுதி, போகாதே என்று எச்சரிக்கை இருக்கிற பகுதி, இங்கெல்லாம் ஏதாவது ஆனால் பைசா கிடையாது. அறுபது தாண்டிய நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, இன்ஷூரன்ஸ் செல்லாத ஊருக்குப் போவதா?

இந்த இடத்தில்தான் எங்கள் திட்டம் தலைகீழாக ஆனது. வடக்கே எதைச் சேர்ப்பது என்று மூன்று வாரம் அடித்துக்கொண்டவர்கள், வரைபடத்தைக் கீழே நகர்த்திப் பார்த்தோம்.

தெற்கே கொன்சோ என்று ஒரு நாடு, அதாவது ஒரு இனத்தாரின் நிலம். வறண்ட மலை. பார்த்தால் அஞ்செட்டி மலை மாதிரியே இருக்கிறது. அந்தச் சரிவு முழுக்கக் கல் அடுக்கிப் படி கட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் கிடையாது, மண்சாந்து கிடையாது, வெறும் கல் மேல் கல். 400 வருடத்துக்கு மேலாக, 21 தலைமுறையாக இந்தப் படிநிலங்களைப் பராமரித்து வருகிறார்கள் என்று யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மழைநீர் ஓடாமல் தடுத்து, மிஞ்சுவதை வடியவிட்டு, மண்ணைப் பிடித்து வைக்கிற வேலை. நான் வேலை பார்த்த காலத்தில் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் கல் தடுப்பணை கட்டச் சொல்லி எத்தனை ஊரில் கூட்டம் போட்டிருப்பேன்! மூன்றாவது மழையில் சரிந்த அணைகளும் எனக்குத் தெரியும். இவர்களிடம் போய் ஒரு வாரம் உட்கார்ந்தால் நல்லது என்று தோன்றியது. அதில் விளைவதும் முக்கியமாகச் சோளம்.

ஆனால் போஸ்ட் மாஸ்டரைச் சாய்த்தது படிநிலம் இல்லை. கொன்சோவில் ஊருக்குப் பெரியவன், சண்டையில் ஜெயித்தவன், சிறுத்தையைக் கொன்றவன் செத்துப்போனால் அவனுக்கு மரத்தில் உருவம் செதுக்கி நடுகிறார்கள். பெயர் வாக்கா. நடுவில் வீரன், இரண்டு பக்கமும் மனைவிமார், அவன் கொன்ற எதிரிகள், காலடியில் அவன் வீழ்த்திய மிருகம். படத்தை மருமகன் டிவியில் பெரிதாகப் போட்டான். போஸ்ட் மாஸ்டர் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் நின்றார். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, “மரத்துல நட்ட நடுகல்லுய்யா இது” என்றார். புலிகுத்திக் கல் நம் பக்கம் எத்தனை இருக்கிறது! வீரன் குத்துகிறான், புலி அவன் மேல் பாய்கிறது, கீழே நாலு வரி வட்டெழுத்து. கல் நிற்கிறது. மரம் செல்லரிக்கும், போதாததற்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறவர்கள் திருடிப் போனதும் உண்டு, மீட்டதைக் கொன்சோவிலேயே ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். “சீக்கிரம் போகணும் ஆபீசர்” என்றார். அக்சும் ஜபம் அன்றோடு நின்றது.

போகிற வழியிலேயே அடிஸுக்குத் தெற்கே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தியா. அங்கே 36 நடுகற்கள், 32இல் செதுக்கல் உண்டு. வாள் வாளாகச் செதுக்கியிருக்கிறார்கள். வாள் தவிர மற்ற குறிகள் பலவற்றுக்கு அர்த்தம் பிடிபடவில்லை. மைப்படி எடுக்க அனுமதி கிடைக்குமா என்று இவர் கேட்கச் சொன்னார். கிடைக்காது, உலக மரபுச் சின்னத்தில் மையைத் தடவ யார் விடுவார்கள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. கேட்டேன். கிடைக்காது என்று பதில் வந்தது.

இப்போதைக்கு நிற்கிற திட்டம் இது. அடிஸில் மூன்று இரவு, அதில் ஒரு பகல் தியாவுக்கு. விமானத்தில் அர்பா மின்ச். அங்கிருந்து டோர்சே மலை. அங்கே என்செட் என்று வாழைக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி ஒரு மரம், பழத்தைத் தின்பதில்லை, கிழங்கையும் தண்டையும் சீவி, குழியில் புதைத்துப் புளிக்க வைத்து ரொட்டி சுடுகிறார்கள். அதற்கு ஒரு பகல் முழுதும் எனக்கு வேண்டும் என்று எழுதிவிட்டேன். பிறகு கொன்சோவில் மூன்று இரவு. மூன்று எதற்கு, ஒன்று போதுமே என்று நிறுவனத்தார் இரண்டு தரம் கேட்டார்கள். திரும்பி வந்து கிழக்கே ஹரார். மதிலுக்குள் அடைந்த பழைய முஸ்லிம் ஊர், 82 பள்ளிவாசல்கள், ராத்திரியானால் மதிலுக்கு வெளியே கழுதைப்புலிக்குக் கையால் இறைச்சி ஊட்டுகிறவர்கள். தக்காணத்தில் அகமதுநகர் சுல்தானின் மந்திரியாக ஆட்சி நடத்தி முகலாயர்களுக்குத் தண்ணி காட்டிய மாலிக் அம்பர், அடிமையாக விற்கப்பட்டு இங்கே வந்தது அந்த ஹரார் பக்கமிருந்துதான் என்பார்கள்.

லாலிபெலா கடைசி இரண்டு நாள். விமானத்தில் போய் விமானத்தில் திரும்புவது. அதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் அது மூன்றாம் நாளே இருந்தது. நடுவில் வைத்து, அந்த வாரம் நிலைமை சரியில்லை என்றால் அதன் பின்னால் இருக்கிற விமானம், ஹோட்டல் எல்லாமே சீட்டுக்கட்டு மாதிரி சரியும். கடைசியில் இருந்தால் அதை மட்டும் வெட்டிவிட்டு அடிஸில் காபி குடித்துக்கொண்டு இருக்கலாம். போவதா வேண்டாமா என்பதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் முடிவு செய்வோம், வெட்டினால் அந்தப் பகுதிப் பணம் திரும்ப வரவேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்கிறேன். முப்பது சதவீதம் அட்வான்ஸ், மீதி அங்கே போய். ஆளுக்கு உள்நாட்டு விமானம் உட்பட 2,350 டாலர். விலையை டாலரில் பேசுங்கள். 2024 ஜூலையில் அவர்கள் பணமான பிர்ரை மிதக்கவிட்டார்கள், மதிப்பு தடாலென்று விழுந்தது. அதற்கு முன் யாராவது எழுதிய பிர்ர் கணக்கு எதற்கும் உதவாது.

இந்த அட்வான்ஸ் அனுப்புவதற்குள் இரண்டு கூத்து.

பில் வந்ததும் மருமகன் அலறினான். “மாமா, தேதியப் பாத்தீங்களா? 2018! பழைய பில்லைத் தூக்கி அனுப்புறாங்க. ஃப்ராடு.” அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் என்பது எனக்கும் அப்போது ஞாபகத்தில் இல்லை. பன்னிரண்டு மாதம், ஆளுக்கு 30 நாள், மிச்சம் இருக்கிற ஐந்தாறு நாளுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு குட்டி மாதம். வருடப் பிறப்பு செப்டம்பர் 11. பில் சரியான பில்தான்.

அடுத்தது மணி. டிரைவர், கைடு இரண்டு பேரையும் பார்த்துப் பேசவேண்டும் என்று கேட்டிருந்தோம். மூன்று மணிக்கு வீடியோ கால் என்றார்கள். அவர்களுக்கு மூன்று என்றால் நமக்கு ஐந்தரை. ஐந்து மணிக்கே ஐந்து பேரும் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம், கேசரி வேறு. ஏழு வரை யாரும் வரவில்லை. போனைப் பார்த்தால் காலை பதினொன்றரைக்கு நாலு மிஸ்டு கால். அந்நேரம் நான் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் பொழுது விடிவதிலிருந்துதான் மணி எண்ணுகிறார்கள். நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. மூன்று என்றால் காலை ஒன்பது. என் வீட்டுக்காரி ஆச்சரியமே படவில்லை. “எங்க பாட்டி கூட சூரியன் கிளம்பி இத்தனை நாழின்னுதான் சொல்லும். அவங்க கணக்குதாங்க சரி” என்று கேசரியை எடுத்து உள்ளே வைத்தாள். அன்றிலிருந்து எழுதுகிற ஒவ்வொரு மெயிலிலும் “உங்கள் மணியா, எங்கள் மணியா?” என்று கேட்டு வாங்குகிறேன். நீங்களும் கேளுங்கள், இல்லையென்றால் விமானத்தை விடுவீர்கள்.

எப்போது போவது என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை, பயிர் செய்தது. அங்கே பெருமழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. டகுசா அறுப்பு நவம்பர், டிசம்பரில். ஆக நவம்பர் கடைசி வாரம் கிளம்பி டிசம்பர் நடுவில் திரும்புவது. லாலிபெலாவில் ஜனவரி 7 கிறிஸ்துமஸுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடுமாம். அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் அறுவடை முடிந்து காடு காலியாகக் கிடக்கும்.

இந்தத் தேதியில் எதிர்பாராத ஒரு லாபம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாற்பது நாளுக்கு மேல் அவர்களுக்கு விரதம், நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்குகிறது. இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் தொடமாட்டார்கள். நம் ஊரில் கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் மாலை போட்டவர்களுக்காக ஓட்டல்களில் தனியடுப்பு வைப்பது போல அங்கே கடைக்குக் கடை விரதச் சாப்பாடு. மற்ற மாதங்களிலும் புதன், வெள்ளி அதே விரதம். பருப்புக் குழம்பு, கடலைமாவைக் கரைத்துக் கொதிக்க வைத்த ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ், எல்லாம் ஒரே பெரிய இஞ்சேரா மேல் குவித்து வரும். இஞ்சேரா என்பது டெஃப் என்ற கடுகிலும் சின்ன தானியத்தை அரைத்து மூன்று நாள் புளிக்கவைத்து ஒரு பக்கம் மட்டும் சுடுகிற தோசை. என் வீட்டுக்காரிக்கு செவ்வாய், சனி அசைவம் ஆகாது, அதுதான் அவள் கவலையாக இருந்தது. இப்போது போஸ்ட் மாஸ்டர்தான் கவலைப்படுகிறார்.

கேழ்வரகு மாவை மூன்று நாள் புளிக்கவிட்டு வீட்டில் ஒரு இஞ்சேரா சுட்டுப் பார்த்தோம். அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

ஊசி விஷயம் மட்டும் கொஞ்சம் விவரமாக. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. ஊசி போட்ட மஞ்சள் அட்டை இல்லாமல் போய்வந்தால், திரும்பும்போது நம் நாட்டு விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். கண்ட கிளினிக்கில் போட முடியாது, மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பெங்களூரிலும் மையம் உண்டு. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், ஒரு தரம் போட்டால் ஆயுசுக்கும் செல்லும். சிக்கல் என்ன என்றால், இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடுகிற ஊசி. அறுபது தாண்டியவர்கள் முதல்முறையாகப் போட்டுக்கொண்டால் பக்கவிளைவுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எங்களில் நாலு பேர் அந்தக் கணக்கில் வருகிறோம். நர்ஸம்மா எல்லாருடைய சர்க்கரை, பிரஷர், பழைய ஃபைல்களை ஒரு கட்டாகக் கட்டி மருத்துவரிடம் கூட்டிப் போனார். மூன்று பேருக்கு உடனே சரி. போஸ்ட் மாஸ்டரை மட்டும் அரை மணி நேரம் கேள்வி கேட்டார், முட்டை அலர்ஜி உண்டா என்பது வரை. கடைசியில் அவருக்கும் சரி என்றார். வெளியே வந்ததும் ஓட்டலில் இரண்டு ஆம்லெட் சொன்னார் மனிதர்.

அடிஸ் 2,300 மீட்டருக்கு மேல், ஊட்டியைவிடவும் உயரம். முதல் இரண்டு நாள் மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்பதால் அங்கே மூன்று இரவு. தேசிய அருங்காட்சியகத்தில் லூசியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக இருக்கலாம், 32 லட்சம் வருடத்து ஆதி மனித மூதாதையின் எலும்புக்கூடு, காட்சியில் இருப்பது நகல். லாலிபெலாக் கோயில்களில் நம் ஊர் மாதிரியே செருப்பை வெளியே விட வேண்டும். ஆனால் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், தரைவிரிப்பில் தெள்ளுப்பூச்சி இருக்குமாம். அர்பா மின்ச் தாழ்வான ஊர், அங்கே மலேரியா உண்டு. மாத்திரைப் பட்டியல் நர்ஸம்மாவின் பொறுப்பு.

இப்போது மிச்சம் நிற்பது எல்லாவற்றுக்கும் காரணமான டகுசாதான். கொடுமை என்னவென்றால், அது அதிகம் விளைவது அம்ஹாராவில், கோஜ்ஜாம் பக்கம். நாங்கள் போகக்கூடாது என்று வெட்டிய அதே பகுதி. என்ன செய்வது என்று தேடியதில், அடிஸுக்குத் தென்கிழக்கே அதாமா ஊர்ப் பக்கம் மெல்காசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் கிடைத்தது. கேழ்வரகு ரகங்கள் வெளியிட்ட நிலையம், நமக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையம் மாதிரி. ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலன், தருமபுரி, கேழ்வரகு விளைகிற மாவட்டம், உங்கள் வயலில் அரை நாள் நிற்க அனுமதி தாருங்கள் என்று கடிதம் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் சிபாரிசுக் கடிதம் எனக்கே எழுதிக்கொண்டது. டூர் நிறுவனத்தார், “இதுவரை எந்தச் சுற்றுலாப் பயணியும் இதைக் கேட்டதில்லை” என்று பதில் போட்டார்கள். முகவரி சரிதானா என்றும் கேட்டிருந்தார்கள்.

“வரும்போது ஒரு கைப்பிடி விதை எடுத்தாந்துருங்க சார், போட்டுப் பாக்கலாம்” என்று பாலக்கோட்டு விவசாயி ஒருவர் கேட்டார். முடியாது. தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒரு மணி விதை உள்ளே வரக்கூடாது, பூஞ்சையோ களையோ கூட வந்தால் யார் பொறுப்பு? வெளியே விடவும் அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். 1976லேயே அடிஸில் விதை வங்கி ஆரம்பித்துத் தங்கள் விதையைக் காக்கிற நாடு அது. “இத்தனை தூரம் போய்ட்டு வெறுங்கையோடவா?” என்றார். ஆமாம், வெறுங்கைதான்.

டிரைவரோடு பேச்சு ஒருவழியாகப் போன வாரம் நடந்தது, எங்கள் மணியில். அவருக்குச் சொந்த ஊர் கோஜ்ஜாம். நான் டகுசா என்று சொன்னதும் கைடு மொழிபெயர்ப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம். அவர் அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் தானியம் வைத்திருக்கிறார், பக்கத்தில் ஒரு கட்டு கதிர். என் வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள்.

“ஏங்க, கதிரு நல்லா முஷ்டி மடக்குன மாதிரி இருக்குது. நம்ம பக்கம் முன்ன போடுவாங்களே, அது.”

அப்புறம் முறத்தைப் பார்த்தாள். “பொடைக்கிறது மட்டும் நம்மள மாதிரி இல்ல. அந்தம்மா சைடு வாட்டமா புடிச்சிருக்காங்க.”

மெல்காசாவிலிருந்து இன்னும் பதில் இல்லை. வியாழக்கிழமை ஊசிக்கு பெங்களூர், காலை ஐந்து மணி பஸ். நம் ஐந்து மணி.